யெர்பா மாத்தே: காட்டு மரம் தோட்டப்பயிரான வரலாறு

தென் அமெரிக்காவில் பரானா, பராகுவாய், உருகுவாய் ஆகிய ஆறுகளின் மேல்வடிநிலத்தில், மேட்டுநிலக் காடுகளிலும் ஆற்றோரங்களிலும் இயற்கையாக வளரும் யெர்பா மாத்தே என்னும் பசுமைமாறா மரம், நீலகிரிச் சோலைக்காடுகளின் மரங்கள் சிலவும் அடங்கிய ஐலெக்ஸ் பேரினத்தைச் சேர்ந்தது. காஃபீன் கொண்ட இதன் இலையைத் தீயில் வாட்டி, உலர்த்தி, நொறுக்கிச் சுரைக்குடுவையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, வடிகட்டி பொருத்திய உலோகக் குழலால் உறிஞ்சிப் பருகும் பானமே மாத்தே. இம்மரத்தைத் தோட்டத்தில் வளர்க்கும் முறை எவருக்குத் தெரிந்திருந்தது, எப்போது மறந்துபோனது என்பதைப் பொறுத்தே இவ்வணிகத்தின் போக்கும், இலை பறித்தவர்களின் நிலையும் பெரிதும் அமைந்தன.

இலையின் பயனை முதலில் அறிந்திருந்தவர்கள் குவரானி பழங்குடியினர். 1537இல் அசுன்சியோன் நகரை நிறுவிய ஸ்பானியர்கள் அவர்களிடமிருந்தே இப்பழக்கத்தைக் கற்றனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் எர்னாந்தாரியாஸ் இதைத் தீய பழக்கமெனத் தடை செய்தும் பயனில்லை. நாணயம் அரிதாயிருந்த பராகுவாய் மாகாணத்தில் யெர்பாவே பணத்தின் இடத்தையும் பிடித்தது. குடியேறிகளுக்குக் கட்டாய உழைப்புத் தர வேண்டியிருந்த குவரானியர், ம்பராக்காயு பகுதிக் காடுகளுக்கு ஓட்டிச் செல்லப்பட்டு, இலைச் சுமைகளைத் தோளில் தூக்கி வந்தனர். அங்கு அவர்கள் பசியாலும் களைப்பாலும் மடிந்ததை இயேசு சபைத் துறவி அந்தோனியோ ரூயிஸ் தெ மோந்தோயா 1639இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார்.

1609 முதல் குவரானியருக்கெனத் தனிக் குடியிருப்புகளை அமைத்து வந்த இயேசு சபையினரும் தொடக்கத்தில் தொலைதூரக் காடுகளையே நம்பியிருந்தனர். கெட்டியான ஓடும் முதிராத கருவும் கொண்ட இம்மரத்தின் விதை எளிதில் முளைப்பதில்லை; பழங்களைத் தின்னும் பறவைகளே காட்டில் அதைப் பரப்புகின்றன. அவ்விதையை முளைக்க வைக்கும் முறையைக் கண்டறிந்த துறவிகள், குவரானியரின் உழைப்பைக் கொண்டு குடியிருப்புகளை ஒட்டியே தோட்டங்களை உருவாக்கினர். காம்பு நீக்கிய காமினி என்னும் உயர்தர வகை அங்கிருந்து விற்பனைக்குச் சென்றது. தனியார் வணிகர்களின் எதிர்ப்பால், ஆண்டுக்கு 12,000 அரோபாவுக்கு, அதாவது ஏறத்தாழ 138 டன்னுக்கு, மேல் அவர்கள் விற்கக் கூடாதென ஸ்பானிய அரசு வரம்பு விதித்தது. 1767இல் மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையைத் தம் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வெளியேற்றியபின் தோட்டங்கள் பாழடைந்தன. விதையை முளைக்க வைக்கும் அறிவும் காலப்போக்கில் மறைந்தது.

அதனை மீட்க முயன்றவர்களுள் ஒருவர், ஆய்வுப் பயணி அம்போல்ட்டுடன் தென் அமெரிக்காவின் சில பகுதிகளில் பயணம் செய்த தாவரவியலாளர் எமே போன்பிளான். பழைய குடியிருப்பான சாந்தா அனாவில் அவர் தொடங்கிய யெர்பா வேளாண்மையைத் தம் நாட்டு வணிகத்துக்குப் போட்டியாகக் கருதிய பராகுவாய் சர்வாதிகாரி பிரான்சியா, 1821இல் படை அனுப்பி அவரைப் பிடித்து, 1829 வரை தடுத்துவைத்தார். ஆனால் பிரான்சியா தம் நாட்டின் வெளிவணிகத்தைச் சுருக்கியதால் ஏற்பட்ட வெற்றிடத்தைத் தென் பிரேசிலின் காட்டு யெர்பாவே நிரப்பியது. 1853இல் அங்கு தனி மாகாணமான பரானாவின் செல்வம் பெரும்பகுதி இந்த ஏற்றுமதியிலிருந்தே வந்தது.

1864 முதல் 1870 வரை நடந்த முக்கூட்டணிப் போரில் சீரழிந்த பராகுவாய், தன் பொதுநிலங்களை விற்கத் தொடங்கியபோது, 1886இல் உருவான லா இந்துஸ்திரியல் பராகுவாயா போன்ற நிறுவனங்கள் பரந்த காடுகளை உடைமையாக்கின. மென்சு எனப்பட்ட கூலியாட்கள் முன்பணத்தால் பிணைக்கப்பட்டனர். உணவையும் துணியையும் நிறுவனக் கடையிலேயே வாங்க வேண்டியிருந்ததால் அவர்கள் கடன் தீரவே இல்லை. எழுத்தாளர் ரஃபாயெல் பாரெட் 1908இல் அசுன்சியோன் நாளிதழில் வெளியிட்ட தொடர்கட்டுரை இந்த அடிமைமுறையை வெளிச்சமிட்டது.

அதற்குள் தோட்டமுறை மீண்டும் பிறந்திருந்தது. புவெனோஸ் ஐரெஸ் நகரப் பூங்காக்களின் இயக்குநர் கார்லோஸ் தைஸ், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விதைகளை வெந்நீரில் ஊறவைத்து முளைக்கச் செய்தார். அதன்பின் மிசியோனெஸ் பகுதியில் தோட்டங்கள் பெருகி, அர்ஜென்டினா முதன்மை உற்பத்தி நாடாயிற்று. விளைச்சல் மிகுந்து விலை சரிந்தபோது, 1935இல் அந்நாட்டு அரசு ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. 1991இல் அது கலைக்கப்பட்டது. 2002இல் உருவான தேசிய யெர்பா மாத்தே நிறுவனம் பெற்றிருந்த விலை நிர்ணய அதிகாரத்தை 2023 டிசம்பர் அரசாணை நீக்கியது.

இவ்வாறு, நாற்றங்கால் மரத்தைக் காட்டிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்து வணிகத்தை நிலைப்படுத்தியது. ஆனால் இலை பறிப்பவரின் கூலி தாழ்ந்தே இருப்பதால், அறிவியல் தீர்த்தது விதையின் சிக்கலை மட்டுமே. உழைப்பின் சிக்கல் இன்னும் தீரவில்லை.