நிதிப் பயணமும் மிதிவண்டியும்

அறநோக்கம் ஒன்றுக்காக நாட்டின் குறுக்கே மேற்கொள்ளப்படும் நெடும்பயணத்தின் இயல்பைத் தீர்மானிப்பது அதன் தொலைவைவிட வேகமே என்பது, திருப்பூர் கண்ட ஒரு பயணத்தையும் குமரிமுனையிலிருந்து புறப்பட்ட மற்றொரு பயணத்தையும் சேர்த்து நோக்கும்போது புலனாகும்.

பனியன் தொழில் பெருகுவதற்கு முன்பே திருப்பூர், கையால் நூற்று நெய்யும் கதர்த் தொழிலுக்குத் தமிழ்நாட்டின் தலைமையிடமாக விளங்கியதால், காந்தி பலமுறை அங்கு வந்துள்ளார். தீண்டாமை ஒழிப்புக்கென 'ஹரிஜன நிதி' திரட்ட 1933 நவம்பர் 7 அன்று வார்தாவில் அவர் தொடங்கிய பயணம், 1934 பிப்ரவரியில் நீலகிரியிலிருந்து இறங்கிக் கோவை, திருப்பூர் வழியாகச் சென்றது. பெண்கள் கழற்றிக் கொடுத்த வளையல்களும், மேடையிலேயே ஏலம் விடப்பட்ட வரவேற்பு மடல்களும், ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் இட்டுத்தந்த கையெழுத்துகளும் அந்நிதியில் சேர்ந்தன. ஏறத்தாழ 12,500 மைல் பயணத்தில் 8 லட்சம் ரூபாய் திரண்டது. ஆயினும் ரயிலிலும் மோட்டாரிலும் விரையும் அந்த முறையை அவரே போதாதென்று கருதி, 1934 மே மாதம் ஒரிசாவில் கால்நடையாகச் செல்லத் தலைப்பட்டார். பணம் சேர்ப்பதினும் மனம் மாற்றுவதற்கே அதிகக் காலம் தேவை என்ற அந்த முடிவுதான் அப்பயணத்தின் உச்சம் எனலாம்.

அரை நூற்றாண்டுக்குப் பின், நடைக்கும் மோட்டாருக்கும் இடைப்பட்ட ஊர்தியாகிய மிதிவண்டியைப் பாபா ஆம்தே தேர்ந்தார். தொழுநோயாளருக்காக மகாராஷ்டிரத்தின் வரோரா அருகே 'ஆனந்தவனம்' என்னும் குடியிருப்பை நிறுவிய அவர், 1984ஆம் ஆண்டின் வன்முறைகளால் பிளவுண்டு நின்ற நாட்டில் ஒற்றுமையை வேண்டி, 'பாரத் ஜோடோ' என்ற பெயரில் 1985 டிசம்பர் 24 அன்று கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரை நோக்கிப் புறப்பட்டார். 100 ஆண்களும் 16 பெண்களுமாக இளைஞர்கள் மிதிவண்டியில் செல்ல, முதுகெலும்பு நோயால் உட்கார இயலாத ஆம்தே எழுபதைக் கடந்த வயதில் வண்டியொன்றில் படுத்தபடியே உடன் சென்றார்.

அக்காலத்தில் மிதிவண்டி உழைப்பவரின் ஊர்தியாக இருந்தது. ஹேண்டில்பாரில் தூக்குப்போசியை மாட்டிக்கொண்டு சுற்றுக் கிராமங்களிலிருந்து திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு வந்த, துணி வெட்டும் கட்டிங், தைக்கும் பவர்டேபிள் தொழிலாளருக்கு அது பொழுதுபோக்கு அன்று, பிழைப்பின் பகுதி. எனவே மிதிவண்டியில் வந்த இளைஞர்களைச் சாலையோரத்தார் தம்மவராகவே கருத இடமிருந்தது. மோட்டாரில் வந்திறங்கும் தலைவருக்கு அது எளிதன்று.

காஷ்மீர் வரையான 5,042 கிலோமீட்டரைக் கடக்க அந்த இளைஞர்களுக்கு மூன்றரை மாதம் பிடித்தது என்பதைக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர்கூட வரவில்லை. ஏறக்குறைய திருப்பூரிலிருந்து கோவை வரையான தொலைவுதான். பழக்கப்பட்ட இளைஞர் அரைநாளில் மிதித்துவிடக்கூடிய அத்தொலைவுக்கு ஒரு நாளையே ஒதுக்கியதால், எஞ்சிய பொழுது ஊர்மக்களோடு பேசுவதற்குக் கிடைத்தது. அருணாசலப் பிரதேசத்தின் இட்டாநகரிலிருந்து குஜராத்தின் ஓக்கா வரை 7,546 கிலோமீட்டர் சென்ற 1988-89ஆம் ஆண்டின் இரண்டாம் பயணத்திலும் அந்த வேகம் ஏறத்தாழ மாறவில்லை.