ஒளிமானியும் கானுயிரும்

மும்பைப் பெருநகரின் கீழ்ப்பால், விக்ரோலியில் குடியிருக்கும் நம்மவர்க்குத் தாணேக் கடற்கழி தொலைவில் உள்ளதன்று. கோத்ரெஜ் நிறுவனத்தார் பேணிவரும் அலையாத்திக் காட்டிற்கு அப்பால் சேற்றுப் பரப்பு விரிகிறது. பனிக்காலம் முதல் கோடை வரை அங்கே பூநாரைகள் திரள் திரளாக இரை தேடுகின்றன. இவற்றைப் படம் பிடிப்போர் பலர். பின்னர், ‘பறவை கருநிழலாகி விட்டதே’ என்றும், ‘சிறகு வெறும் வெள்ளைத் திட்டாயிற்றே’ என்றும் வருந்துவோரும் பலர். காமிராவுக்குள்ளேயே ஒளியை அளக்கும் கருவி இருந்தும் இக்குறை நேர்வது ஏன்? அக்கருவி தோன்றி வளர்ந்த வரலாற்றை நோக்கினால் விடை கிடைக்கும்.

ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எப். டபிள்யூ. சாம்பியன், 1920-களில் இரவில் புலிகளைப் படமெடுத்தார். வழியில் கட்டிய கம்பியைப் புலி தீண்டியதும் பளீரென்று ஒளி எழும், படமும் பதிவாகும். அப்படங்கள் 1927-இல் நூலாக வெளிவந்தன. ஒளியையும் தூரத்தையும் அவர் முன்னரே வகுத்துக்கொள்ள முடிந்தது. பகலில் படமெடுப்போர்க்கோ அவ்வசதி இல்லை. ஒரு மேகம் கடந்தாலும் கணக்கு மாறிவிடும். அனுபவமும் அட்டவணையுமே அவர்களுக்குத் துணையாயிருந்தன.

1932-ஆம் ஆண்டில் அமெரிக்க வெஸ்டன் நிறுவனம் மின் ஒளிமானியை விற்பனைக்குக் கொணர்ந்தது. செலினியத்தின்மேல் ஒளி விழுந்தால் சிறு மின்னோட்டம் உண்டாகும். அது முள்ளை அசைத்து அளவைக் காட்டும். 1963-இல் ஜப்பானின் டாப்கான் காமிரா, லென்ஸின் வழியே வரும் ஒளியையே அளந்தது. 1983-இல் நிக்கான் எப்.ஏ. காமிரா, காட்சியைப் பல கூறுகளாகப் பிரித்து அளந்தது. கருவி இவ்வாறு நுட்பமடைந்தபோதிலும் அதன் அடிப்படை இயல்பு ஒன்றே. அது ஒளியை அறியும், பொருளை அறியாது. எதிரே இருப்பது எதுவாயினும் இடைப்பட்ட சாம்பல் நிறம் என்றே அது கொள்ளும்.

யானையை எடுத்துக்கொள்வோம். கரிய உடல் காட்சி முழுதும் நிறைந்தால், ஒளி போதாதென்று கருவி மயங்கும். அதன் சொற்படி எடுத்தால் யானை வெளிறித் தோன்றும். அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரும், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவருமான மா. கிருஷ்ணன், யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பதிவு செய்த பெரும் இயற்கையியலாளர். பல காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாம் அமைத்த கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1996-இல் மறைந்தார். நிறமில்லாத படத்தில் விலங்கின் உருவத்தைக் காட்டுவது கருமை வெண்மைகளின் படிநிலையே ஆகும். அது பிசகினால் தோலின் மடிப்பும் காதின் விளிம்பும் மறைந்துபோம்.

விக்ரோலிக் கழியிலோ ஒரே காலைப்பொழுதில் இருவகைச் சோதனையும் நேரும். ஈரச் சேறு கதிரொளியில் மின்னும்போது கருவி ஒளியை மிகையென்று எண்ணிக் குறைக்கும், பூநாரை கருநிழலாகும். அங்கே ஒளியைக் கூட்டுதல் வேண்டும். அலையாத்தியின் கரும்பச்சை முன் சிறு வெண்கொக்கு நின்றால் கருவி இருளையே பெரிதும் கண்டு ஒளியைக் கூட்டும். இறகின் வரிகள் கரைந்துவிடும். அங்கே குறைத்தல் வேண்டும்.

இது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. பெரும் பூநாரையின் அலகு இளஞ்சிவப்பு, நுனி கருமை. சிறு பூநாரையின் அலகு கருஞ்சிவப்பு. படம் இருண்டால் இந்த வேற்றுமை மறையும். வந்த பறவை எதுவென்று சொல்ல இயலாது. இக்கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இங்கு நாம் எடுக்கும் படங்கள், எந்த ஆண்டில் எப்பறவை வந்தது என்பதற்குப் பிற்காலத்தார் காணும் சான்றுகளாகும். ஆதலின் ஒளிமானி காட்டும் அளவை முதலில் கேட்போம்; எதிரே நிற்பது கரியதா வெளியதா என்று நம் கண்ணால் நோக்கிய பின்னரே படமெடுப்போம்.