மணலில் எழுதிய பாடம்

நம் குடியிருப்பில் ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் நடைபெறும் தமிழ் வகுப்பைக் குறித்துச் சென்ற ஆண்டு பெற்றோர் சிலர் ஒரு குறை கூறினர். ஆறு வயதுக் குழந்தையும் பதினொரு வயதுப் பையனும் ஒரே பாயில் அமர்ந்து படிப்பது என்ன பள்ளி முறை என்பது அவர்கள் கேள்வி. இரண்டு குடும்பத்தார் தம் பிள்ளைகளை நிறுத்தியும் விட்டனர். அதற்கு விடை தேடப் புகுந்த நாம், பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களின் வாயிலில் போய் நின்றோம். அங்குக் கண்டவற்றை அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

திண்ணைப் பள்ளியில் வயதுக்கு ஒரு வகுப்பு என்பது இருந்ததில்லை. மாணவன் படித்து முடித்த சுவடி எதுவோ அதுவே அவன் வகுப்பு. புதிதாய்ச் சேர்ந்த குழந்தை மணலைப் பரப்பி விரலால் எழுதும். கை திருந்திய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். அரிச்சுவடி முடித்தவன் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என மேலே செல்வான். கணக்கிலோ பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி எனப் பல சுவடிகள் காத்திருந்தன. நெல்லிலக்கம் என்பது தானியம் அளக்கும் வாய்பாடு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். களத்தில் தந்தை நெல் அளக்கையில் பிள்ளை அருகிருந்து கணக்குச் சொல்லலாம். பின்னக் கணக்கு முந்திரி வரை, அதாவது 320இல் ஒரு பங்கு வரை இறங்கியது. (முந்திரி என்றால் நமக்கே இன்று பருப்புத்தானே நினைவுக்கு வருகிறது!)

ஆசிரியரோ ஒருவர், பிள்ளைகளோ பல படிகளில் நிற்பவர்கள். இதைச் சமாளித்தவன் சட்டாம்பிள்ளை. முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். மேற்படியில் உள்ளோரை ஆசிரியர் தாமே கவனிப்பார். 1823இல் பல்லாரி கலெக்டர் காம்ப்பெல், தம் மாவட்டப் பள்ளிகளிலும் இம்முறையே நடப்பதைக் கண்டு, சொல்லிக் கொடுப்பவனுடைய அறிவும் இதனால் உறுதிப்படுகிறது என வியந்தார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார்.

இங்கிலாந்து பின்பற்றிய கதை சுவையானது. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதியை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். அந்நாளைய ஐரோப்பியர் 'மலபார்' என்றழைத்த தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறே செய்யச் சொன்னபோது உதவியாசிரியர்கள் முகம் சுளித்தனர். அவரோ தளராமல், ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்களால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று! 1797இல் பெல் இலண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரே நிலைத்தது. அவர் விட்டுச் சென்ற பொருளால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என வழங்குகிறது. ஆனால் ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் நடத்தும் வித்தையாகவே அது அங்கே பரவியது. பிள்ளை தன் நடையில் தான் செல்லும் உரிமை கடல் கடந்ததாகத் தெரியவில்லை.

திண்ணையைப் பொற்காலமாக்குவதும் நம் நோக்கமன்று. ஆளுநர் மன்றோ 1822இல் தொடங்கிய விசாரணையின் முடிவாக 1826இல் தந்த கணக்கில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர்; அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பல திண்ணைகளில் இடமேயில்லை. பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் வேறு.

பின்னர் வந்த ஆங்கிலப் பள்ளி வயதுவாரியாக வகுப்புகளைப் பிரித்து, மணியடித்துப் பாடம் நடத்தியது. ஆயினும் பழைய எண்ணம் அழியவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், நான்காம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் கலந்தமர்ந்து, ஏணிப்படிகள்போல் அமைந்த அட்டைகளை அவரவர் வேகத்தில் கடந்தனர். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பயிற்சி நூல்களை அளித்தது.

நம் கூடத்தில் இவ்வளவு திட்டமெல்லாம் இல்லை. வீட்டில் தமிழ் பேசியும் எழுதத் தெரியாத பதினொரு வயதுப் பிள்ளைகள் இங்கு உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளைகளும் உண்டு. வயதை வைத்து யாரை எங்கே உட்கார வைப்பது? சென்ற ஞாயிறன்று ஒரு சிறுமி தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, தன்னைவிட மூத்த பையனின் விரலைப் பிடித்து 'ழ' எழுதப் பழக்கிக் கொண்டிருந்தாள். அவன் சுழிப்பதற்குள் அரிசி சிந்தியது, இருவரும் சிரித்தார்கள். நின்றுவிட்ட இரு குடும்பத்தாரும் ஒருநாள் காலை பத்து மணிக்கு வந்து பார்க்கலாம். பாயில் இன்னும் இடமிருக்கிறது.