காளான் வித்துகளின் நுண்ணோக்கி ஆய்வு

காளான் தன் இனத்தைப் பெருக்க உதிர்க்கும் ஒற்றைச் செல்லே வித்து; பாடநூல்கள் ஸ்போர் என்றும் எழுதும். பெரும்பாலான காளான்களில் அதன் நீளம் 5 முதல் 15 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், வெறுங்கண்ணுக்குத் தூள் மட்டுமே தெரியும். அந்தத் தூளின் நிறமும், நுண்ணோக்கியில் தெரியும் வித்தின் வடிவம், அளவு, மேற்பரப்பு ஆகியவையும் காளானை இனங்காண முதன்மையான சான்றுகள். குடை மழையில் வெளுத்துவிடும், வெயிலில் வெடித்துவிடும், முதிர முதிர மாறும். வித்து அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

இத்தாலியின் புளோரன்சு நகரத் தாவரவியலாளர் பியர் அன்டோனியோ மிக்கேலி 1729-இல் வெளியிட்ட நூலில் பூஞ்சை வித்துகளை விவரித்தார். முலாம்பழத் துண்டுகளில் அவற்றை இட்டு, எந்தப் பூஞ்சையின் வித்தை இட்டாரோ அதுவே முளைப்பதையும் காட்டினார். அழுகலிலிருந்து பூஞ்சை தானாகவே தோன்றுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. அடுத்த நூற்றாண்டில் சுவீடனின் எலியாஸ் பிரீஸ் வித்துத்தூளின் நிறத்தைக் கொண்டே காளான்களை வகைப்படுத்தினார்.

ஆய்வுக்கு முதலில் வேண்டியது வித்துப் படிவு. முதிர்ந்த குடையின் தண்டை நறுக்கிவிட்டு, செவுள் எனப்படும் அடித்தகடுகள் கீழ்நோக்கி இருக்குமாறு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். விடிந்ததும் செவுள்களின் அச்சாகத் தூள் படிந்திருக்கும். கண்ணாடிக்கு அடியில் வெள்ளைத் தாளையும் கறுப்புத் தாளையும் மாற்றி மாற்றி வைத்தால் வெளிர்நிறத் தூளும் தப்பாது. அவசரத்தில் செவுளைக் கிள்ளி நேரே நுண்ணோக்கியில் வைப்பவர்கள் உண்டு. அதில் முதிராத வித்துகளும் கலந்திருக்கும், அளவு கெட்டுவிடும். தானே உதிர்ந்த வித்துதான் முதிர்ந்த வித்து. அந்த ஓர் இரவு காத்திருக்காமல் எடுத்த அளவை நம்பக்கூடாது.

வித்து உதிரும் விதமே ஓர் அற்புதம். செவுளின்மேல் தண்டாயுத வடிவில் பசிடியம் என்ற செல்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் வழக்கமாக நான்கு வித்துகள் இருக்கும். கடைகளில் விற்கும் மொட்டுக் காளானில் பெரும்பாலும் இரண்டுதான். அகாரிகஸ் பைஸ்போரஸ் என்ற அதன் அறிவியல் பெயரே இரட்டை வித்தைத்தான் சொல்கிறது. வித்தின் அடியிலுள்ள சிறு மூக்கருகே ஒரு நீர்த்துளி திரள்கிறது. அது வித்தின் மேலுள்ள ஈரப் படலத்தோடு கலக்கும் கணத்தில் வித்து எறியப்படுகிறது. கனடாவின் வின்னிபெக்கில் இதை ஆழ்ந்து ஆராய்ந்த ரெஜினால்ட் புல்லரின் பெயரால் அது புல்லர் துளி எனப்படுகிறது. ஒரேயொரு வயல்காளான் 180 கோடி வித்துகளை உதிர்க்கும் என்று கணக்கிட்டவரும் அவர்தான். நுண்ணோக்கியில் அந்த மூக்கு தெளிவாகத் தெரியும். வித்தின் நீளத்தை அளக்கும்போது அதைச் சேர்ப்பதில்லை.

படிவிலிருந்து ஊசிமுனையளவு தூளை நீரிலோ, 3 முதல் 5 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிலோ கலந்து, மூடுவில்லையால் மூடி 1000 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்ப்பார்கள். இந்த நிலையில் லென்சுக்கும் மூடுவில்லைக்கும் இடையே ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். இடையில் காற்று இருந்தால் ஒளி விலகிப்போய் நுண்ணிய முகடுகள் மங்கிவிடும். அளவுகோல் கண்ணருகு லென்சுக்குள் இருக்கிறது. அதன் ஒரு பிரிவு எத்தனை மைக்ரான் என்பதை, 1 மி.மீ. நீளத்தை 100 பங்காகக் கோடிட்ட தகட்டைக்கொண்டு முன்கூட்டியே கணித்து வைத்திருக்க வேண்டும். ஒரு வித்தை அளந்து நிறுத்திவிடாமல் இருபது வித்துகளாவது அளந்து, சிறுமத்தையும் பெருமத்தையும் நீள அகல விகிதத்தையும் குறித்துக்கொள்வார்கள்.

செக் நாட்டு ஆய்வாளர் மெல்சரின் பெயர் தாங்கிய அயோடின் கரைசல் இத்துறையின் புகழ்பெற்ற சோதனை. சில இனங்களின் வித்துச்சுவர் அதில் கருநீலமாகும், சில செம்பழுப்பாகும், சில நிறம் மாறாமலே இருக்கும். ருசுலா வகைக் காளான்களின் உருண்டை வித்தை இக்கரைசலில் பார்க்கும்போது, முன்பு தெரியாதிருந்த மருக்களும் வலைக்கோடுகளும் கருநீலமாகத் துலங்குகின்றன.

இந்தச் சோதனையின் அருமை மரணக்குடை எனத்தக்க அமானிடா பலாய்ட்ஸ் காளானில் விளங்கும். ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய ஆசியர்கள் சிலர், ஊரில் உண்டு பழகிய வைக்கோல் காளான் என்று எண்ணி இதைச் சமைத்து உயிரிழந்திருக்கிறார்கள். இளம் பருவத்தில் இரண்டும் உறைக்குள் முட்டைபோல இருப்பதே ஏமாற்றத்துக்குக் காரணம். முதிர்ந்த பிறகு வித்து உண்மையைச் சொல்லிவிடும். வைக்கோல் காளானின் படிவு இளஞ்சிவப்பு. வித்து நீள்வட்டமானது, அயோடினில் நீலமாகாது. மரணக்குடையின் படிவு வெள்ளை. வித்து ஏறத்தாழ உருண்டை, நீலமாகும். முட்டைப் பருவத்திலோ உதிர வித்தே இருக்காது, அப்போது இச்சோதனை உதவாது.

நிறத்தை எப்போதும் படிவில்தான் பார்க்க வேண்டும். வெப்பமண்டலப் புல்வெளிகளில் முளைக்கும் நச்சுக் காளானான குளோரோபில்லம் மோலிப்டைட்ஸின் படிவு பச்சை. தனி வித்தாக நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் பச்சை பெரிதும் மங்கிவிடும். நச்சு உண்டா இல்லையா என்பதையும் வித்தின் தோற்றம் காட்டாது. இனம் எது என்று முடிவுசெய்ய உதவும், அதுவும் குடை, தண்டு, உறை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால் மட்டுமே.

உலர்ந்த படிவைத் தாளுறையில் மடித்து உலர்காளான் மாதிரியோடு வைத்துவிட்டால், பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இன்னொருவர் அதே வித்துகளை எடுத்து அளந்து பார்க்கலாம்.