இதயம் நின்றால் பம்பு ஓடும்

சேக்காட்டில் பக்கத்துத் தெரு நண்பருக்கு அடுத்த வாரம் வால்வு மாற்றும் ஆபரேஷன். "இதயத்தை நிறுத்திடுவாங்களாமே சார், திரும்ப ஓடுமா?" என்று கேட்டார். இருவருமே ரயில்வேயில் இருந்தவர்கள். அதனால் பெரம்பூரிலிருந்து ஆரம்பித்தேன்.

1975-ல் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். அதற்கும் முன்னால், 1960-களின் தொடக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் கோபிநாத் இதய நுரையீரல் இயந்திரத்தை வைத்து இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்துவிட்டார். (பைபாஸ் ஆபரேஷன் வேறு, பைபாஸ் இயந்திரம் வேறு. வால்வு மாற்றவும் இயந்திரம் வேண்டும்.)

அந்த இயந்திரத்துக்காக இருபது வருடம் பாடுபட்டவர் அமெரிக்க டாக்டர் ஜான் கிப்பன். 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருத்தியை 26 நிமிடம் முழுக்க அதன் பொறுப்பில் விட்டுப் பிழைக்கவைத்தார். அடுத்து வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. மனிதர் அத்தோடு விட்டுவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு ஆபத்தாகத்தான் அடைத்தார்கள். குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள், முடிந்ததும் அதை முறிக்க புரோட்டமின். அப்போதெல்லாம் ஆக்சிஜனை ரத்தத்துக்குள்ளேயே குமிழியாக விட்டார்கள். ஒரு குமிழி தப்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்போது ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் மெல்லிய சவ்வு, திரும்பும் வழியில் வடிகட்டி. ஆரம்பத்தில் இயந்திரத்தை நிரப்பவே பல பாட்டில் ரத்தம் தேவைப்பட்டது. இன்று பெரும்பாலும் உப்புக் கரைசலால் நிரப்பிவிடுகிறார்கள்.

இயந்திரத்தை ஓட்டுபவர் பெர்ஃபியூஷனிஸ்ட். ரத்த அழுத்தம், உடல் சூடு, உறையும் நேரம் எல்லாம் அவர் கண்ணில்தான். தொட்டியில் ரத்தம் வற்றினால் காற்று உடம்புக்குள் ஏறிவிடும்; கண்ணை எடுக்க முடியாது. சர்ஜன் பெயரை ஊரே சொல்லும், இவரை யாரும் கேட்பதில்லை. "டிரைவர் பேரு தெரிஞ்சா ரயில்ல ஏறுறோம்?" என்றார் நண்பர்.

அவர் முதலில் கேட்டதற்கு வந்தேன். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால்தான் இதயத்தை நிறுத்துகிறார்கள். வேலை முடிந்து வெதுவெதுப்பான ரத்தம் அதை அலசிவிட்டால் பெரும்பாலும் தானே துடிக்க ஆரம்பிக்கும். சிலருக்கு ஒரு சின்ன ஷாக் தேவைப்படும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாலு பேர் ரத்தம் கொடுக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றார். எனக்கு 72. 65-க்கு மேல் எடுக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை என் மகன் வருவான் என்று சொல்லியிருக்கிறேன்.