பலிபீடத்தின் முன் சொல்லப்பட்ட கதை

ஜிநாகமத்தை நான்கு அனுயோகங்களாக வகுத்த முன்னோர், மகாபுருஷர்களின் சரித்திரம் கூறும் பிரதமானுயோகத்தையே முதலில் வைத்தனர். உலக அமைப்பும் ஒழுக்கமும் தத்துவமும் அதன் பின்னரே வருகின்றன. கேட்போர் உள்ளத்திற்குக் கதையே முதல் வாயில் என்பது இவ்வரிசையிலேயே புலப்படுகிறது.

இதற்குத் தக்க சான்று யசோதரர் சரித்திரம். சோமதேவ சூரி கி.பி. 959இல் யசஸ்திலகம் என்னும் வடமொழிச் சம்பூவாக இதனை விரித்தார். வாதிராஜர் சுருங்கப் பாடினார். புஷ்பதந்தர் அபப்பிரம்சத்திலும், ஜன்னர் 1209இல் கன்னடத்திலும் இயற்றினர். தமிழில் இது ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியமாகத் திகழ்கிறது. அதன் ஆசிரியர் பெயர் நமக்குக் கிட்டாமற் போனது பெருங்குறையே.

இத்தனை மொழியினரும் இக்கதையை விரும்பியதற்கு, அது சொல்லப்படும் இடமும் ஒரு காரணம் எனலாம். மாரிதத்த மன்னன் சண்டமாரி கோயிலில் விலங்குகளையும் பறவைகளையும் இணை இணையாகக் கொணர்வித்து நிறுத்தியிருக்கிறான். நரபலிக்கென, சரியைக்கு வந்த அபயருசி, அபயமதி என்னும் இளம் உடன்பிறந்தார் இருவர் பிடித்துவரப்படுகின்றனர். சாவின் முன்னும் அவர்கள் அஞ்சாது நிற்பதைக் கண்டு வியந்த மன்னன், அவர்தம் வரலாற்றை வினவுகிறான்.

அபயருசி அங்கே அகிம்சையின் இலக்கணத்தை விரித்துரைத்திருக்கலாம். வாளேந்தி நின்றவன் செவியில் அது ஏறியிராது. மன்னனை அவன் பழிக்கவும் இல்லை. தன் பிழையையே எடுத்துரைக்கிறான். முற்பிறப்பில் உஞ்சயினி அரசன் யசோதரனாக இருந்து, தாய் சந்திரமதியின் சொற்கேட்டு, மாவினாற் செய்த கோழியொன்றைப் பலியிட்டவன் அவன். அவ்வொரு செயலால் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்தனர். பின்னரும் பல பிறவிகளில் உழன்றனர். யசோதரன் மீனாகப் பிறந்தபோது, அவன்பொருட்டு அவன் மகனே செய்த சிராத்தத்திற்கு அம்மீனே உணவாயிற்று. இறுதியில் கோழிகளாய் மடிந்தே, அவ்விருவரும் அபயருசியும் அபயமதியுமாக மானிடப் பிறவி எய்தினர்.

மாக்கோழிக்கே இவ்வளவு துன்பமெனில், எதிரே கட்டுண்டு கதறும் உயிர்களுக்கு எவ்வளவு? இக்கணக்கைப் போட்டுப் பார்க்கும் பொறுப்பு மன்னனிடமே விடப்படுகிறது. கதை முடியுமுன்பே நீதியை உரக்கக் கூறிவிடும் இன்றைய மேடைப் பேச்சாளர் பலருக்கு இப்பொறுமை வாய்ப்பதில்லை.

மாரிதத்தன் பலியைக் கைவிட்டான். பின்னர்த் துறவும் பூண்டான்.