கொல்கத்தாவில் நாடுகடந்த தத்தெடுப்பும் அரசுக் கண்காணிப்பும்

ஒரு நாட்டில் பிறந்த குழந்தையை வேறொரு நாட்டில் வாழும் பெற்றோர் சட்டப்படி தம் பிள்ளையாக ஏற்பது நாடுகடந்த தத்தெடுப்பு. இந்தியாவில் அதன் முக்கிய மையங்களுள் ஒன்றாக விளங்கியது கொல்கத்தா. ஆதரவற்ற ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இத்தகைய தத்தெடுப்பு வீடு தந்தது. ஆனால் பெற்ற தாய் அறிந்து சம்மதித்தாரா, குழந்தை உண்மையிலேயே ஆதரவற்றதா என்ற கேள்விகளும் தொடக்கம் முதலே அதைத் தொடர்கின்றன.

தொடக்கக் காலம்

அன்னை தெரசாவின் நிர்மலா சிசு பவன் 1955இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அதிலிருந்து பல குழந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குச் சென்றனர். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கரான செரி கிளார்க் நிறுவிய அமைப்பு, நகரத்து நர்சிங் ஹோம்களில் கைவிடப்பட்ட குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியது.

அப்போது இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டுமே பொருந்தியது. எனவே வெளிநாட்டவர் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் காப்பாளராகி, குழந்தையைத் தம் நாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே தத்தெடுத்தனர். விமானம் ஏறிய குழந்தையின் நிலையை இந்திய நீதிமன்றம் அறிய வழியில்லை.

தொலைந்த குழந்தை

ஹவுரா ரயில் நிலையத்தில் 1986இல் தனியாக வந்து சேர்ந்த சரூ என்ற சிறுவனின் கதை இத்தகைய தத்தெடுப்பின் இன்னொரு குறையைக் காட்டுகிறது. மத்தியப் பிரதேசத்தின் கண்டுவாவைச் சேர்ந்த அவன் ரயிலில் தூங்கிப்போய் வங்காளம் வந்தவன். தன் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொல்கத்தாக் காப்பகம் ஒன்றின் வழியாக 1987இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிரயர்லி குடும்பத்துக்குத் தத்துச் சென்றான். அன்போடு வளர்க்கப்பட்டான். ஆனால் பெற்ற தாய் உயிரோடுதான் இருந்தார். செயற்கைக்கோள் வரைபடங்களில் ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, 2012இல் அவரைச் சந்தித்தார் சரூ. ‘லயன்’ திரைப்படம் இதைத்தான் சொல்கிறது. யாரும் தீங்கு நினைக்காத நிலையிலும், மாநில எல்லை தாண்டித் தேடும் ஏற்பாடு இல்லாவிட்டால், தாய் இருக்கும் பிள்ளை ஆதரவற்றவனாகப் பதிவாகிவிடலாம் என்பதற்கு இது சான்று.

1984 தீர்ப்பு

வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடக்கும் முறைகேடுகள் குறித்து வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1984 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி பி.என். பகவதி வகுத்த நெறிகள்: அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு வழியாக மட்டுமே விண்ணப்பம், தத்தெடுப்போரின் குடும்ப நிலை பற்றிய அறிக்கை கட்டாயம், இந்தியப் பெற்றோருக்கே முன்னுரிமை, பெற்றவர்களைத் தூண்டியோ குழந்தை பிறக்கும் முன்போ சம்மதம் வாங்கக் கூடாது.

இதன் தொடர்ச்சியாக 1990இல் காரா எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு வள அமைப்பு தோன்றியது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்று உறுதிசெய்தது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் காராவைச் சட்டபூர்வ ஆணையமாக்கியது. குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. குழந்தைகள் நலக் குழு சான்றளித்த பிறகே குழந்தை தத்துக்குரியதாகும். எந்தக் குழந்தை எந்தக் குடும்பத்துக்கு என்பதைக் காப்பகத்தின் விருப்பத்துக்கு விடாமல், இணையவழி மத்தியப் பதிவே வரிசைப்படி முடிவுசெய்கிறது. தனித்து வாழ்வோரும் தத்தெடுக்க இடம்தரும் புதிய விதிகளை ஏற்க மறுத்து, அன்னை தெரசாவின் சபை 2015இல் தத்தெடுப்புப் பணியிலிருந்து விலகியது.

விதிகளுக்கு வெளியே

சட்டம் இறுகிய பிறகும் கடத்தல் ஓயவில்லை. 2016 நவம்பரில் மேற்கு வங்கத்தின் வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் பாதுரியா நர்சிங் ஹோமில் மாநில சி.ஐ.டி. நடத்திய சோதனையில், பிஸ்கட் அட்டைப்பெட்டிகளில் பச்சிளம் குழந்தைகள் கண்டெடுக்கப்பட்டன. பிள்ளை இறந்து பிறந்ததாகத் தாய்மாரிடம் பொய் சொல்லப்பட்டது என விசாரணை தெரிவித்தது. விசாரணை கொல்கத்தா நர்சிங் ஹோம்களுக்கும் நீண்டது.

அடுத்த ஆண்டு அதே மாநிலத்தின் ஜல்பாய்குரியில், தத்தெடுப்பு என்ற பெயரில் குழந்தைகள் விற்கப்பட்டதாகவும், வெளிநாட்டவரும் வாங்கியதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. யார் விசாரிப்பது என்பதில் தேசிய, மாநிலக் குழந்தை உரிமை ஆணையங்கள் நீதிமன்றம் வரை மோதின. அந்தச் சண்டையில் குழந்தைகளின் நலன் மறக்கப்பட்டதை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

இன்றைய நிலை

2024–25இல் இந்தியாவில் பதிவான 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டிலேயே நடந்தவை. முன்பு வெளிநாடு சென்றவர்கள் இன்று வளர்ந்து, தம் வேர்களைத் தேடி வருகிறார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச், துர்காவ் மாநிலங்களில் 1973 முதல் 2002 வரை நடந்த இந்தியத் தத்தெடுப்புகள் பற்றி 2024இல் வெளியான ஆய்வு, ஆராய்ந்த கோப்புகளில் பெற்றோரின் சம்மத ஆவணம் இல்லை என்று காட்டியது.

தத்தெடுப்பு ஆணையிடும் அதிகாரியும் காராவும் தம் முன் வரும் கோப்பைத்தான் சரிபார்க்க முடியும். அந்தக் கோப்பு பிறப்பதோ பிரசவ அறையில். அங்கே பிறப்புப் பதிவும் தாயின் சம்மதமும் நேர்மையாக உறுதிசெய்யப்படும்வரை, மேலே எத்தனை விதிகள் இருந்தாலும் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது.